பரணில் கிடந்த ரிமோட் லாரி: 27 வருஷத்துக்குப் பிறகு ஓட வைப்பது எப்படி?

2019-ல் எங்க சித்தப்பா ரிட்டயர் ஆனார். நெய்வேலி டவுன்ஷிப்பில் என்.எல்.சி குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ரிட்டயர்மென்ட் என்றால் வேலை முடிவதோடு போகாது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டையும் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாகச் சேர்ந்த சாமான்களை என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்குத்தான் வரும்.

நான் நெல்லிக்குப்பத்திலிருந்து உதவிக்குப் போயிருந்தேன். பண்ருட்டி வழியாக பஸ்ஸில் போய் ஆர்ச் கேட்டில் இறங்கினால் சித்தப்பா வண்டியோடு நிற்பார். அன்றைக்கு வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நின்றிருந்தார். பரண் மேல் ஏறியது நான். பித்தளைத் தவலை, உடைந்த டேபிள் ஃபேன், பழைய வாரப் பத்திரிகைக் கட்டு. அதற்கெல்லாம் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு டிப்பர் லாரி. பக்கத்தில் நீட்டி மடக்கும் ஏரியலோடு ரிமோட்.

"அதையும் பிளாஸ்டிக்ல போட்டுடு. வந்த மூணாவது வாரமே உன் தம்பி கழட்டி நோண்டி கெடுத்து வச்சது" என்றார் சித்தப்பா.

தம்பி என்பது அவர் மகன். இப்போது துபாயில் இருக்கிறான். 1993-ல் அவனுக்கு எட்டு வயது. அந்த லாரிக்காக அவன் வாங்கிய அடி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "நான் கழட்டல"ன்னு அழுதுகொண்டே சொன்னதும் தெரியும். நான் பெட்டியைத் தராசில் வைக்காமல் என் பையில் வைத்துக்கொண்டேன்.

2020 ஊரடங்கில்தான் அதைத் திறக்க நேரம் கிடைத்தது. அதை ஓட வைக்கும்போது கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம்.

நம்ம ஊருக்கு இது எப்படி வந்தது?

நெல்லிக்குப்பம் என்றால் பாரி சர்க்கரை ஆலை. கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு கழி உருவாத பையன் எங்க ஊரில் கிடையாது. நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்தே அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ராட்சச மண்வெட்டி இயந்திரமும் டம்பரும் பழகிய காட்சி. இரண்டு ஊரிலுமே லாரி என்றால் பையன்களுக்கு உயிர்.

ஆனால் ரிமோட்டில் ஓடும் லாரி அந்தக் காலத்தில் சாதாரண பொம்மைக் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் நெடுங்காலம் அளவுக் கட்டுப்பாடு இருந்தது. 1991-ல் பொருளாதாரம் திறக்கப்பட்டாலும், இந்தக் கட்டுப்பாடுகளில் மிச்சமிருந்தவை 2001 ஏப்ரல் 1-ல்தான் நீங்கின. அதுவரை இப்படிப்பட்ட பொம்மைகள் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினரின் சூட்கேஸில் வந்தன. இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் வாங்க வேண்டும். எங்கள் லாரி, சித்தியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது.

அதனால்தான் அப்போது இந்த பொம்மைகளைப் பிள்ளைகள் கையில் முழுசாகக் கொடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். பிறகு பெட்டிக்குள். பல வண்டிகள் இத்தனை வருஷம் தப்பிப் பிழைத்ததற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

ரிமோட் வண்டியின் கதை எங்கே தொடங்குகிறது?

கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்குவதை 1898-லேயே நிகோலா டெஸ்லா நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்டினார். தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகு, ரேடியோ அலைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது. அதே வருஷம் நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ரேடியோவில் ஓடும் கார் பொம்மை பரவலாகக் கடைக்கு வர டிரான்சிஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1966-ல் இத்தாலியின் எலெட்ரோனிக்கா ஜியோகத்தோலி நிறுவனம் ஃபெராரி 250 எல்.எம் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து விற்றது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலோடு இந்தத் துறைக்குள் வந்தது. 1981-ல் அவர்களுடைய டொயோட்டா ஹைலக்ஸ், 1985-ல் புரூசர், 1986-ல் பிளாக்ஃபுட், 1987-ல் கிளாட் பஸ்டர் என்று லாரி, பிக்கப் வகை வண்டிகள் வரிசையாக வந்தன. இன்று உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றைத்தான்.

உங்கள் கையில் இருப்பது பொம்மை வகையா, ஹாபி வகையா?

சரிசெய்யும் வழி இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஹாபி வகை வண்டி பெரும்பாலும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. ஸ்டியரிங்குக்கு செர்வோ என்ற தனி மோட்டார் பெட்டி இருக்கும். கொஞ்சம் திருப்பினால் சக்கரமும் கொஞ்சம்தான் திரும்பும். ரிசீவர் தனிப் பெட்டியாக, கழற்றி மாட்டும்படி இருக்கும். மோட்டார் 540 எனப்படும் பெரிய அளவு. பேட்டரி 7.2 வோல்ட் பேக். ரிமோட்டிலும் ரிசீவரிலும் தனித்தனியாகப் பிடுங்கி மாற்றக்கூடிய கிரிஸ்டல் இருக்கும். இந்த இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் வேலை செய்யாது.

பொம்மை வகையில் எல்லாமே ஒரே சர்க்யூட் போர்டில் இருக்கும். ஸ்டியரிங் முழு இடது, முழு வலது, நடு என்று மூன்றே நிலைதான். அதைத் திருப்புவது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும், இல்லையென்றால் ஒரு குட்டி மோட்டார். பென்சில் செல்லில் ஓடும். எங்களுடையது இந்த வகை.

ஹாபி வகைக்கு உதிரி பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். டாமியா தன் பழைய மாடல்களையே மறுபடி வெளியிடுகிறது. புரூசர் 2012-லும், பிளாக்ஃபுட் 2016-லும் மறுபடி வந்தன. அதனால் பல பழைய வண்டிகளுக்குப் புதுப் பாகமே பொருந்துகிறது. பொம்மை வகைக்கு அந்த வசதி இல்லை. நாமே செய்ய வேண்டும், அல்லது பொருந்துவதைத் தேட வேண்டும்.

திறப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கையில் கிடைத்ததும் புது செல் போட்டு சுவிட்சைத் தட்டிப் பார்க்கத்தான் மனசு வரும். செய்யாதீர்கள். உள்ளே செல் கசிந்து போர்டில் பரவியிருந்தால், மின்சாரம் போகக்கூடாத வழியில் போய் மிச்சமிருப்பதையும் எரித்துவிடும்.

முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது, வயர் எந்தப் பக்கம் போகிறது என்பது பிறகு மறந்துபோகும். அடுத்து ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். ஏற்கெனவே யாராவது திறந்திருந்தால் பள்ளம் மழுங்கியிருக்கும், கீறல் விழுந்து பளபளக்கும், ஒன்றிரண்டு ஸ்க்ரூ வேறு நிறத்தில் இருக்கும். இதைப் பார்த்தாலே முன்பு ரிப்பேர் நடந்ததா, உள்ளே பாகம் குறையுமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எங்கள் லாரியில் அடியில் ஆறு ஸ்க்ரூ. ஆறிலும் ஃபேக்டரியில் போட்ட கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சின்னக் காகித சீல் மஞ்சளாகிப் போயிருந்தாலும் கிழியவில்லை. ரிமோட்டின் பின்பக்க ஸ்க்ரூக்களும் அப்படியேதான்.

அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். லாரியை யாரும் திறக்கவே இல்லை. தம்பி 27 வருஷமாகச் சொன்னது உண்மை.

அப்படியானால் அது ஏன் நின்றது?

கசிந்த செல்லை எப்படிச் சுத்தம் செய்வது?

செல் பெட்டியைத் திறந்ததும் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பூத்திருந்தது. நாலு செல்லும் உள்ளேயே இருந்தன. பரணில் வைக்கும்போது எடுக்க மறந்திருக்கிறார்கள். பழைய எலெக்ட்ரானிக் பொம்மைகளைக் கொல்வதில் இதுதான் முதல் காரணம்.

எந்த வகை செல் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் நாம் அதிகம் வாங்கிய சாதாரண ஜிங்க் கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஆல்கலைன் செல் என்றால் கசிவது காரம். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு போதும். எதுவாக இருந்தாலும் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது.

தகடுகளில் துரு மேலோட்டமாக இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். அரித்துப் போயிருந்தால் பழைய டார்ச் அல்லது ரிமோட்டிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துப் போடலாம். கசிவு வயருக்குள்ளும் ஏறும் என்பதையும் கவனியுங்கள். மேலே பிளாஸ்டிக் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு அங்கே புது வயரை இணைக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பழைய ரீசார்ஜ் பேக் இருந்தால் அது நிக்கல் காட்மியமாக இருக்கலாம். காட்மியம் நஞ்சு. அதைக் குப்பைத் தொட்டியிலோ காவாயிலோ போடாதீர்கள், எரிக்கவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுங்கள்.

மோட்டாரும் கியரும் உயிரோடு இருக்கிறதா?

மோட்டாரின் இரண்டு முனைகளிலும் ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லை நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் உடனே தூக்கிப் போடாதீர்கள். கையால் அச்சைச் சில சுற்று சுற்றிவிட்டு மறுபடி தொடுங்கள். உள்ளே கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் படிந்த கறுப்பு அகன்றால் பல மோட்டார்கள் எழுந்துவிடும். எங்களுடையது மூன்றாவது முயற்சியில் எழுந்தது. அச்சின் இரு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அதிகமானால் எண்ணெய் உள்ளே போய் பிரஷ்ஷைக் கெடுத்துவிடும்.

மோட்டார் மேல் ஈயம் வைத்த சின்ன வட்ட மாத்திரை போன்ற கெபாசிட்டர்கள் இருக்கும். 104 என்று அச்சடித்திருக்கும். அலங்காரத்துக்கு இல்லை அது. மோட்டார் சுற்றும்போது வரும் தீப்பொறி இரைச்சலை அதுதான் அமுக்குகிறது. அது அறுந்தால், மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ரிசீவருக்கு ரிமோட்டின் குரல் கேட்காது. வண்டி திக்கித் திக்கிப் போகும்.

கியர் பெட்டியில் 27 வருஷத்து கிரீஸ் கெட்டி மெழுகாகியிருந்தது. நெய்வேலியில் இருந்தவர்களுக்குத் தெரியும், நிலக்கரித் தூள் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். அந்தத் தூள் கிரீஸில் கலந்தால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். பழசை முழுக்க வழித்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸ் கொஞ்சம் தடவினேன். பைக்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். சில பிளாஸ்டிக்கை அது கெடுக்கும்.

மோட்டார் அச்சில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் கியரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றியது என்பதால் வருஷக்கணக்கில் அது விரிந்து வெடித்துவிடும். டக் டக் என்று சத்தம் வரும், வண்டி நகராது. ஒட்ட முயற்சி செய்வது வீண். பல்லை எண்ணி, அதே எண்ணிக்கையும் அதே துளையும் உள்ள புதுசை மாற்றுங்கள். மாடல் செய்யும் மாணவர்களுக்கு விற்கும் கியர் பாக்கெட்டில் பெரும்பாலும் கிடைக்கும்.

குற்றவாளி எங்கே இருந்தான்?

மோட்டார் ஓடியது. போர்டும் சுத்தமானது. அடுத்தது ரிமோட்.

இந்த வகை ரிமோட் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். அதாவது வினாடிக்கு சுமார் 2 கோடியே 70 லட்சம் முறை அதிரும் அலை. நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த அலையை விட்டு விட்டு அனுப்பும். எத்தனை துடிப்பு வந்தது என்று லாரிக்குள் இருக்கும் போர்டு எண்ணி, முன்னே போவதா, இடது திரும்புவதா என்று முடிவு செய்யும். இந்தப் பட்டைக்குள் 26.995, 27.045, 27.095, 27.145, 27.195, 27.255 என ஆறு இடங்கள் வழக்கத்தில் உண்டு. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ரிமோட்டிலோ பெட்டியிலோ எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ரிமோட் தொலைந்த வண்டிக்கு வேறு ரிமோட் தேடும்போது அந்த எண்தான் முதல் துப்பு. ஆனால் எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. துடிப்பு எண்ணும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன். ரிமோட்டின் சிவப்பு விளக்கு எரியவில்லை. மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து பேட்டரி மூடியிலிருந்து போர்டுவரை பார்த்தேன். கறுப்பு வயரில் பீப் வந்தது. சிவப்பில் வரவில்லை. வயரை லேசாக வளைத்தால் ஒரு கணம் பீப், பிறகு நின்றுவிடும். மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறது. உள்ளே, பேட்டரி மூடிக்குப் பக்கத்தில், செம்பு அறுந்திருந்தது.

இதுதான் 1993-ல் லாரியை நிறுத்திய பழுது. பேட்டரி மூடியைப் பிடித்துக் கழற்றாமல் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் இப்படித்தான் ஆகும். ஒருநாள் இழுத்தால் அறுந்துவிடாது. தினமும் இழுத்தால் உள்ளுக்குள் ஒவ்வொரு இழையாக அறும். லாரி நின்றுவிட்டதால் எல்லாரும் லாரியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ரிமோட்டை யாரும் பார்க்கவில்லை.

புது மூடி வயரோடு பத்து ரூபாய். பழைய வயரைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டு, சிவப்பை சிவப்பிடத்திலும் கறுப்பைக் கறுப்பிடத்திலும் வைத்தேன். 25 வாட் சூட்டுக்கோல் போதும். விளக்கு எரிந்தது.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், கம்ப்யூட்டரில் செருகும் ரேடியோ டாங்கிள் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது. ரிமோட்டை அழுத்தும்போது 27 மெகாஹெர்ட்ஸில் கோடு எழுகிறதா என்று திரையில் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. போர்டில் உலோக டப்பிக்குள் நிறப் பொட்டு வைத்த திருகு ஒன்று தெரியும். அது அலைவரிசையைச் சரியாக வைக்கும் காயில். கை சும்மா இருக்காமல் அதைத் திருகிவிடாதீர்கள். உள்ளே இருப்பது எளிதில் உடையும் ஃபெரைட். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தூரம் கிடைக்கவில்லை என்றால் மட்டும், பிளாஸ்டிக் திருப்புளியால், தொடங்கிய இடத்தைக் குறித்துவைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள்.

எங்களுக்கு முதலில் இரண்டு மீட்டர் தூரம்தான் கிடைத்தது. காரணம் லாரிக்குள் ஏரியல் வயர் பாதியில் அறுந்திருந்தது. அறுந்த துண்டையும் சேர்த்து அளந்து, அதே நீளத்துக்குப் புது வயர் போட்டேன். போர்டில் இருந்த இரண்டு எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் மாற்றினேன். வருஷக்கணக்கில் இவை உள்ளே காய்ந்துபோகும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் எண் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் எண் அதேயோ அதிகமாகவோ இருக்கலாம். கூட்டல், கழித்தல் முனை மாறக்கூடாது. இப்போது மொட்டை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிறது.

பாடி, டயர், ஸ்டிக்கர்: எவ்வளவு புதுசாக்கலாம்?

பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். இவ்வளவுதான் தேவை. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பல பொம்மைகளின் பிளாஸ்டிக் அதில் கரைந்துவிடும்.

மஞ்சளாகிப்போன வெள்ளை பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் அதிகம் செய்வார்கள். ஸ்டிக்கர் இருக்கும் இடத்தில் செய்தால் ஸ்டிக்கர் போய்விடும். நிறம் திட்டுத்திட்டாகவும் ஆகலாம். நான் செய்யவில்லை.

டயர் மென்மையான வினைல் என்றால், அது கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே பல வருஷம் இருந்தால் அந்த இடத்தை உருக்கிவிடும். டயருக்குள் இருக்கும் மிருதுவாக்கி வெளியே கசிவதுதான் காரணம். அதனால் வைக்கும்போது டயர் வேறு பிளாஸ்டிக்கில் படாமல், அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். டயர் ஒரு பக்கம் தட்டையாகாமலும் இருக்கும்.

ஸ்டிக்கர் உரிந்திருந்தால், உரிக்கும் முன் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பைக், ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகள் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அதே அளவில் வினைலில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஆனால் பழையது பாதி இருந்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். மறுபடி பெயின்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும். தம்பி தன் பெயரின் முதல் எழுத்தை டிப்பருக்கு அடியில் பேனாவால் எழுதியிருந்தது போய்விடும்.

புது ரிமோட் போட்டுவிடலாமா?

போடலாம். ரிமோட்டே இல்லாத வண்டிக்கு அதுதான் சுலபமான வழி. இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் சேர்த்து வாங்கினால், ஹாபி வகை வண்டியில் அப்படியே பொருந்தும். ஒரே இடத்தில் பத்து வண்டி ஓடினாலும் ஒன்றோடொன்று குழம்பாது.

பொம்மை வகையில் சிக்கல் ஸ்டியரிங்கில் வரும். அங்கே செர்வோ இல்லை. செர்வோ வைக்க உள்ளே வெட்ட வேண்டியிருக்கும். பழைய போர்டு உயிரோடு இருந்தால் வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும் கழற்றிய போர்டை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் உதவும். லித்தியம் பேட்டரி போட்டு வேகத்தைக் கூட்டும் ஆசையும் வேண்டாம். 6 வோல்ட்டுக்குச் செய்த கியரும் போர்டும் அதைத் தாங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய ரிமோட்டை ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 விதிகளின்படி லைசென்ஸ் விலக்கு உண்டு. மேலே சொன்ன ஆறு இடங்களும் அதற்குள் வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் குறைந்த திறனுக்கு விலக்கு இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி வேறு. பயன்படுத்திய பொருட்களை இறக்குமதி செய்யவும் கட்டுப்பாடு உண்டு. அதனால் முதலில் உள்ளூரில் தேடுங்கள். பழைய பேப்பர் கடை, பாண்டிச்சேரி ஞாயிறு சந்தை, சென்னை ரிச்சி தெரு. எல்லாவற்றுக்கும் முன்னால் சொந்தக்காரர் வீட்டுப் பரண்.

இன்னொன்று. பழைய பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இன்றைய பாதுகாப்புத் தர முத்திரையும் அவற்றில் இருக்காது. அதனால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டிக் காட்டுங்கள், போதும். சூட்டுக்கோல் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எவ்வளவு செலவு ஆகும்?

கருவிகள் கையில் இருந்தால் அதிகம் ஆகாது. எங்கள் லாரிக்கு பேட்டரி மூடி, வயர், இரண்டு கெபாசிட்டர், கியர் பாக்கெட், கிரீஸ், புது செல் எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. நேரம்தான் அதிகம். ஒன்றரை மாதம், மாலையில் ஒரு மணி நேரம்.

ஓட்டி முடித்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள். லாரியிலும் சரி, ரிமோட்டிலும் சரி. கழற்றும்போது மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரை இழுக்காதீர்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் சித்தப்பா வந்தார். இப்போது அவரும் நெல்லிக்குப்பத்தில்தான், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. மாடியில் லாரியை ஓட்டிக் காட்டினேன். பிறகு கழற்றி வைத்திருந்த ஆறு ஸ்க்ரூவையும், கிழியாத காகித சீலையும், அறுந்த சிவப்பு வயரையும் அவர் கையில் கொடுத்தேன். வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"9 வோல்ட் பேட்டரி அப்ப ரொம்ப விலைடா. தீந்துடும்னு தெனமும் ராத்திரி நான்தான் கழட்டி வைப்பேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு போனப் போடு" என்றார்.

வீடியோவில் தம்பி வந்தான். ஆபீஸ் சட்டையோடு இருந்தான். சித்தப்பா லாரியைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார்.

"டேய், ஸ்க்ரூவ யாரும் தொடலடா. ரிமோட் வயருதான் அறுந்திருந்துச்சு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்றான் அவன். சிரித்தான். பிறகு, "எங்க, ஓட்டிக் காட்டுங்க" என்றான்.

சித்தப்பா ரிமோட்டை வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் அவர் அதை ஓட்டுவது அதுதான் முதல் தடவை. லாரி நேராகப் போய் துளசித் தொட்டியில் மோதியது.